சாகாதவள் படித்த பாஷை

கொல்லிமலையில் என் பூத்துக்கு வந்து பேசிப் போனவர்களில் எத்தனையோ பேர் முகம் மறந்துவிட்டது. அந்த டீச்சர் முகம் மட்டும் மறக்கவில்லை. மறந்தால் எப்படியோ அவருக்குத் தெரிந்துவிடும் என்கிற பயம்கூடக் காரணமாக இருக்கலாம். தனக்கு ஒருவர் செய்ததை அவர் மறந்து நான் பார்த்ததே இல்லை.

செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தொண்ணூற்றேழில் அந்த டெலிபோன் பூத்தைத் திறந்தேன். என் அத்தாவுக்குச் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரம். எனக்கு மிளகைக் கையில் அள்ளினால் ஈரம் இருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்பதே தெரியாது. இவன் வியாபாரத்துக்கு ஆகமாட்டான் என்று முடிவு செய்து, மலைமேல் ஒரு பூத் வைத்துக் கொடுத்துவிட்டார். பேனா, பென்சில், சோப்பு, ரிப்பனும் விற்றேன். பூத்துக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீட்டில்தான் டீச்சர் வாடகைக்கு இருந்தார். வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். சொந்த ஊர் ராசிபுரம் பக்கம்.

அவர் குணம் எனக்கு முதலில் தெரிந்தது ஒரு கண்டக்டர் விஷயத்தில். ஐப்பசி மழை நாளில், பள்ளிக்கூடத்து வாசலில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி டீச்சர் கேட்டிருக்கிறார். "மகாராணிக்கு வாசல்லயே நிறுத்தோணுமாக்கும்" என்று கண்டக்டர் சொல்ல, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அடுத்த வளைவில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். கையில் குடை இல்லை. டீச்சர் நனைந்துகொண்டே திரும்பி நடந்தார். ஒரு வார்த்தை பதிலுக்குச் சொல்லவில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அதே கண்டக்டர் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தான். அன்றைக்கும் மழை பிடித்திருந்தது. டீச்சர் அந்தப் பிள்ளையை உள்ளே அழைத்து, தன் முந்தானையால் தலையைத் துவட்டிவிட்டு, பெஞ்சில் உட்கார வைத்தார். பிறகு வாசலுக்கு வந்து, "நீங்க அந்த வளைவுல போயி நில்லுங்க. கூப்புட்டு உடறேன்" என்றாராம். கண்டக்டருக்கு உடனே புரிந்துவிட்டது. போய் நின்றான். பியூன் வந்து கூப்பிடும்வரை மழையில் நின்றான். அந்தப் பிள்ளைக்கு டீச்சர் சாயங்காலங்களில் தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்து, சயின்ஸில் முதல் மார்க் வாங்க வைத்ததையும் சொல்லிவிட வேண்டும். யார் கெடுதல் செய்தார்களோ அவர்களுக்கு மட்டும்தான் திருப்பிக் கொடுப்பார். அளவு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

"ஏனுங்க டீச்சர், அவன அன்னைக்கே நாலு வார்த்த கேட்டிருக்கலாமுங்களே?" என்றேன்.

"அன்னைக்குக் கேட்டா அது கோவமுங்க பாய். கோவம் அன்னைக்கே தீந்து போயிரும்" என்றார்.

டீச்சரின் வீட்டுக்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் இன்ஜினீயர். கம்பெனியில் ஜப்பானுக்கு ஆள் அனுப்பப் போகிறார்கள், அந்தப் பாஷை தெரிந்தவனைத்தான் அனுப்புவார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு புத்தகமும் கேசட்டுகளும் வாங்கிப் படிக்க ஆரம்பித்தார். சனிக்கிழமை பஸ்ஸில் மலையேறி வருவார். ஞாயிறு முழுக்கப் பின்வீட்டில் பாடம் நடக்கும். டீச்சர் கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்க, அவர் பதில் சொல்லுவார். தப்பாகச் சொன்னால் மறுபடி, மறுபடி. "இவளாலதான் பாய் எனக்கு ரெண்டு வார்த்த வாய்ல நிக்குது" என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். பிறகு தேர்வாகி ஒசாகா போனார். அந்த முதல் புத்தகத்தையும் கேசட்டுகளையும் முடித்துவிட்டதால் இங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

ஆரம்பத்தில் ஞாயிறுதோறும் என் பூத்துக்கு போன் வரும். நான் பின்பக்க ஜன்னலில் நின்று கூப்பிடுவேன். டீச்சர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஓடிவருவார். அப்புறம் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அப்புறம் தீபாவளிக்கு ஒருதரம். அப்புறம் இல்லை.

ஒரு மத்தியானம் வேறொருவர் கூப்பிட்டார். வீட்டுக்காரருடன் ஒசாகாவில் வேலை பார்த்துவிட்டு ஓசூருக்குத் திரும்பிய சிநேகிதர். மனசு கேட்காமல் கூப்பிட்டிருக்கிறார். பூத்துக்குள் ஃபேன் ஓடாது என்பதால் கதவைத் திறந்து வைத்துத்தான் எல்லோரும் பேசுவார்கள். டீச்சர் பேசியதெல்லாம் என் காதில் விழுந்தது.

"கல்யாணமே பண்ணிக்கிட்டாருங்களா?... சரி... என்னையப் பத்தி என்ன சொன்னாருங்க?"

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, சமையல் குறிப்புக் கேட்பதுபோல, "நான் என்ன நோவுல செத்தனாமுங்க?" என்றார்.

வெளியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மஞ்சக்காமாலையில செத்துட்டனாமுங்க பாய்" என்றார். "நான் செத்ததுக்கு ஏதோ காயிதங்கூடக் குடுத்துத்தான் அந்த ஜப்பான்காரப் பொண்ணக் கட்டியிருக்கறான். நான் செத்தப்பறம் மூணு மாசம் சோறு எறங்கலையாமா அவனுக்கு. அதக் கேட்டு அவ பரிதாபப்பட்டுத்தான் பழகுனாளாமா."

அதுவரை 'அவரு' என்று சொல்லிவந்தவர், அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் முதல்முறையாக 'அவன்' என்று சொன்னார்.

டீச்சரின் அண்ணன்மார் இரண்டு பேரும் கார் வைத்துக்கொண்டு மலைக்கு வந்தார்கள். போலீசுக்குப் போகலாம், அவன் அம்மா ஊட்டு முன்னால் நின்று நாறடிக்கலாம், கம்பெனிக்கு எழுதலாம் என்று குதித்தார்கள். டீச்சர் அவர்களுக்குச் சாமைச் சோறு ஆக்கிப் போட்டு, "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்கண்ணா" என்று அனுப்பிவைத்தார். அன்று சாயங்காலமே அந்தப் பழைய புத்தகத்தோடு என் கடைக்கு வந்தார்.

"உங்க டேப்ரிக்கார்டரு நல்லாப் பாடுதுங்களா பாய்?"

"பாடுதுங்க. எதுக்குங்க?"

"செத்தவ பேசோணும்னா அந்தப் பொண்ணுக்குப் புரியற பாஷையில பேசோணுமல்லங்க. எங்கொரலு நேரா அவ காதுல போவோணும். நடுவுல ஒருத்தரும் வேண்டாம்."

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேசட்டைப் போடுவார். அதில் ஒரு பெண் நிதானமாக, 'இது மேசை. அது ஜன்னல். நேற்று நான் ரொட்டி தின்றேன்' என்று ஜப்பான் பாஷையில் சொல்லிக்கொண்டே போவாள். டீச்சர் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு, அதே அமைப்பில் தன் வாக்கியத்தைப் போடுவார். 'இது மேசை' என்ற பாடத்தில் டீச்சரின் வாக்கியம், "காரே வா உசோத்சுகி தெஸ்." அவன் பொய்யன். ரொட்டி தின்ற பாடத்தில், அவன் என் சோற்றைத் தின்றான். மரத்திலிருந்து ஆப்பிள் விழுகிற பாடத்தில் யார் எங்கிருந்து விழுந்தார் என்பதை நான் எழுதத் தேவையில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் பாஷையில் திட்டத் தெரிந்துவிட்டது.

"பாருங்க பாய், அவுங்களும் நம்மள மாதிரி வினையக் கடைசியிலதான் வெக்கறாங்க" என்பார். "நமக்கு 'ஐ', 'க்கு'ன்னு ஒட்டறாப்பலயே அவுங்களும் பேருக்குப் பின்னால ஒட்டறாங்க. நாம 'போயிட்டான்'னு சொல்றமல்லங்க, வெறுமனே போனான்னு சொல்லாம? அதுவும் இருக்குது. 'இத்தே ஷிமாய்மாஷ்தா'. இத்தேன்னா போயி. ஷிமாய்மாஷ்தான்னா விட்டான். போயி விட்டான்." அதைச் சொன்ன அன்றைக்கு அடுத்த பாடத்துக்குப் போகாமல் கேசட்டை நிறுத்திவிட்டு எழுந்து போனார்.

இன்னொரு பாடத்தில் அவருக்கு ரொம்ப சந்தோஷம். அந்தப் பாஷையில் 'இருக்கிறது' என்பதற்கு இரண்டு சொல். மனுஷர், ஆடு, மாடு என்றால் 'இமாஸ்'. மேசை, நாற்காலி, கல், மண் என்றால் 'அரிமாஸ்'. அன்றுமுதல் வீட்டுக்காரரைச் சொல்லும்போதெல்லாம் டீச்சர் 'அரிமாஸ்'தான் போட்டார். "ஒசாகா நி அரிமாஸ். ஒசாகாவுல ஒண்ணு கெடக்குது" என்று சொல்லிச் சிரிப்பார். நல்ல சிரிப்புதான், ஆனால் பக்கத்தில் இருந்து கேட்க எனக்கு என்னவோ போலிருக்கும்.

ஒரு வருஷத்துக்கு மேல் படித்தார். மிளகு பழுத்து, பறித்து, காய்ந்து, எங்கள் அத்தாவின் லாரியில் இறங்கிப் போய், மறுபடி கொடியில் சரம் விட்டது. டீச்சர் தயாராகிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அவரோ ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நின்றார். தன் கணவனைச் சொன்னால் 'ஷுஜின்'. பிறத்தியார் கணவனைச் சொன்னால் முன்னால் மரியாதைக்கு ஒன்று சேர்த்து 'கோ-ஷுஜின்'.

"நம்மூரு 'ங்க' மாதிரிங்களா?" என்றேன்.

"அதேதானுங்க. இப்ப அவகிட்டப் பேசறப்போ நான் எதச் சொல்லோணும்? ஷுஜின்னு சொன்னா எம்புருசன்னு ஒத்துக்கோணும். கோ-ஷுஜின்னு சொன்னா அவ புருசன்னு ஒத்துக்கோணும். அதுக்கு மேல அவனுக்கு ஒரு 'ங்க' வேற போடோணும்." பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தார். எழுந்து போகும்போது, "கேசட்டுக்காரி இதுக்கெல்லாம் பாடம் வெக்கலீங்க" என்றார்.

சிநேகிதரிடம் ஒசாகா வீட்டு நம்பரை முன்பே வாங்கி வைத்திருந்தார். ஒரு வேலைநாள் மத்தியானம், பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, நல்ல புடவை ஒன்று கட்டிக்கொண்டு வந்தார். அந்நேரம் அவன் வேலைக்குப் போயிருப்பான், அவள் தனியாக இருப்பாள் என்று கணக்குப் போட்டிருந்தார். நான் எண்ணைச் சுழற்றி ரிசீவரைக் கொடுத்தேன். வழக்கம்போலக் கதவு திறந்திருந்தது; வெளிநாட்டு லைனில் அந்தப் பக்கத்துக் குரலும் வெளியே கேட்கும்.

"மோஷி மோஷி" என்று அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். கேசட்டுக்காரியைவிட இளசான குரல்.

டீச்சர் வகுப்பில் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "அநாதா நோ கோ-ஷுஜின் வா, வத்தாஷி நோ ஷுஜின் தெஸ்." உங்கள் கணவர் என் கணவர். இரண்டு சொல்லையும் ஒரே வாக்கியத்தில் போட்டுவிட்டார். பிறகு, "வத்தாஷி வா ஷிந்தே இமாசென்." ஷிந்தே என்றால் செத்து. இமாசென் என்றால் இருக்கவில்லை. நான் செத்திருக்கவில்லை.

லைன் போய்விட்டதோ என்று நான் மீட்டரைப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. திடீரென்று அந்தப் பெண் படபடவென்று பேச ஆரம்பித்தாள். அருவி கொட்டுவதுபோலப் பேசினாள். புத்தகத்தில் இருந்த ஒரு சொல்லும் அதில் இல்லை. டீச்சருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மோ இச்சிதோ, யுக்குரி ஒநெகாய் ஷிமாஸ்" என்றார். தயவுசெய்து இன்னொரு முறை, மெதுவாக.

அந்தப் பெண் அழுகையை அடக்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "ஹொந்தோ தெஸ் கா?"

நிஜமா? நம் ஊரில் 'ஆ' போட்டுக் கேட்பதை அவர்கள் 'கா' போட்டுக் கேட்பார்கள் என்று டீச்சர் எனக்குச் சொல்லியிருந்தார்.

"ஹொந்தோ தெஸ்" என்றார் டீச்சர். என் பூத் நம்பரை ஒவ்வோர் இலக்கமாக அந்தப் பாஷையில் சொல்லிவிட்டு வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் அம்மா வீட்டிலிருந்து அவள் கூப்பிட்டாள். அதற்கடுத்த ஞாயிறும். அவனிடம் அவள் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. டீச்சர் கல்யாண போட்டோவையும் பதிவுக் காகிதத்தின் நகலையும், அன்றைய தினத்தந்தியைக் கையில் பிடித்து நின்று எடுத்த போட்டோ ஒன்றையும் அனுப்பினார். "பேப்பரு எதுக்குங்க?" என்று கேட்டேன். "இன்னைக்கும் உசுரோட இருக்கறேன்னு தெரியோணுமல்லங்க" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆளைக் கவிழ்க்கத் திட்டம் போட்டார்கள் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஏனென்றால் அவர்கள் பேசியதெல்லாம் இவ்வளவுதான்: இன்றைக்கு மழை. அங்கே குளிரா? நான் மரவள்ளிக்கிழங்கு தின்றேன். நீங்கள் என்ன தின்றீர்கள்? கடிதம் வந்தது. கொஞ்சம் பொறுங்கள். டீச்சரிடம் இருந்த வாக்கியங்கள் அவைதான். அவற்றுக்குள்ளேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள்.

அவள் தன் வீட்டாரோடு வக்கீலைப் பார்த்தாள். பொய்க் காகிதம் வெளியே வந்தது. கல்யாணம் ரத்தானது, வேலையும் போயிற்று, அங்கே தங்க விடவில்லை. அவன் ஊர் திரும்பினான்.

ஒரு சாயங்காலம் அடிவாரத்துக் காரவள்ளிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் செம்மேட்டில் இறங்கினான். கையில் ஒரே ஒரு பெட்டி. தாடி விட்டிருந்தான். டீச்சர் என் கடைப் பெஞ்சில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். டீக்கடையில் நின்ற ஆட்கள் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றான். "எங்கம்மா மூஞ்சியில முழிக்க முடியல. உன்னைய உட்டா எனக்கு யாரும் இல்ல."

டீச்சர் பேனாவை மூடினார். அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தொநாதா தெஸ் கா?" என்றார். தாங்கள் யார்?

அவன் திகைத்துப் போனான். மறுபடி தமிழில் என்னென்னவோ சொன்னான். டீச்சர், "வகாரிமாசென்" என்றார். புரியவில்லை. அவன் என்ன கெஞ்சினாலும் அதே சொல்தான். கடைசியில் அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. தலையைக் குனிந்து, "கொமென் நசாய்" என்றான்.

டீச்சர் இல்லை என்று தலையசைத்தார். அது காலை மிதித்துவிட்டால் சொல்கிற மன்னிப்பு. இதற்கு அது போதாது. "மோஷிவாகே அரிமாசென் தெஷ்தா" என்று சொல்லிக் காட்டி, சொல்லு என்பதுபோல விரலை நீட்டினார். சொல்வதற்கு என்னிடம் ஒரு நியாயமும் இல்லை என்று அதற்கு அர்த்தம். அவன் சொன்னான். நடுவில் தடுக்கியது. மறுபடி சொல்லச் சொன்னார். டீக்கடைக்காரர் பாலைப் பொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் கண்ணில் தண்ணீர் வழிய மறுபடியும் சொன்னான். இந்த முறை ஒரு பிசகும் இல்லை.

"யொக்கு தெகிமாஷ்தா" என்றார் டீச்சர். நன்றாகச் செய்தாய். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்கிற பாராட்டு. பேப்பர் கட்டை எடுத்துக்கொண்டு பின்வீட்டுக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். அவன் கடைசி பஸ்வரை நின்றுவிட்டு இறங்கிப் போனான். அப்புறம் மலைக்கு வரவில்லை. திருப்பூரில் எங்கோ இருப்பதாகக் கேள்வி.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். முடிந்தபிறகும் ஞாயிறு போன் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கவிழ்க்க ஆள் இல்லாதபோதும் அந்தப் பெண் கூப்பிட்டாள். டீச்சரும் வந்து பேசினார். எங்கள் மலையில் அன்னாசி விளையும், பலா விளையும் என்று சொன்னார். பலாப்பழத்துக்கு அவர்கள் பாஷையில் சொல் தெரியாமல், அது எவ்வளவு பெரிசு என்று பூத்துக்குள் நின்று கையை விரித்துக் காட்டினார். போனில் அவளுக்கு எப்படித் தெரியும்? அதை நினைத்து அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அந்த ஒரு மழைக்காலம் டீச்சர் யாரைப் பற்றியும் என்னிடம் கருவவில்லை.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் அவள் கூப்பிட்டாள். பனி விலகாத நேரம். டீச்சர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கி, "மோஷி மோஷி" என்றார். அந்தப் பெண்ணின் குரல் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தது. டீச்சருக்கு ஏதோ நல்லது செய்வதற்காகவே வெகுநாள் ஒத்திகை பார்த்துவைத்த குரல். எனக்கே வெளியே நன்றாகக் கேட்டது. அவள் தமிழில் பேசினாள்.

"சோரு உந்தாச்சா, கன்னு?"

'சோறு உண்டாச்சா, கண்ணு' என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று புரிந்து நான் சிரிக்கப்போனேன். டீச்சரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். முன்பு ஞாயிறுதோறும் அவன் கூப்பிட்ட காலத்தில், ரிசீவரை டீச்சர் கைக்கு மாற்றும்போது என் காதில் விழுந்த முதல் வாக்கியம் இதுதான். இதே இழுப்புத்தான். இதை வேறு யார் அவளுக்குச் சொல்லியிருக்க முடியும்? எத்தனை நாள், எந்த நேரத்தில், எப்படிக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தை இப்படி வாயில் ஒட்டும்? பாவம், அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். அதில் இருந்த பிரியம் அவளுக்குத் தெரியும். அது யாருடையது என்பதை அவள் யோசிக்கவில்லை.

டீச்சர் ரிசீவரை வைத்துவிட்டார்.

"கட்டாயிருச்சுங்களா?" என்றேன், தெரியாததுபோல.

"ராங் நம்பருங்க பாய்" என்றார்.

சால்வையை இழுத்துச் சரியாகப் போர்த்திக்கொண்டார். அதற்குள் போன் மறுபடி அடித்தது. நான் எடுக்கப் போனேன்.

"எடுக்காதீங்க."

"டீச்சர், அந்தப் பொண்ணு பாவமுங்க. அது என்னங்க பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலீங்க. அது எனக்கும் தெரியும்" என்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அது ஓயும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.